கோல் வந்தது, படம் போனது: ஒரு செத்தவீட்டு நேரலைச் செயலியின் நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்தில் இப்போது செத்தவீடு என்றால், பந்தல்காரருக்குச் சொல்லும் கையோடு வீடியோக்காரருக்கும் சொல்லிவிடுகிறார்கள். பிள்ளைகளில் பாதிப்பேர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். விமானச் சீட்டுக் கிடைக்காத மகனுக்கும், விசா இழுபறியில் நிற்கும் மருமகளுக்கும் கடைசி முகம் பார்க்க அந்த ஒரு வழிதான் மிச்சம். காலை பத்து மணிக்குக் கிரியை தொடங்கினால், கோடை காலத்தில் லண்டனில் விடிய 5.30, பாரிசில் 6.30, ரொறன்ரோவில் நள்ளிரவு கடந்து 12.30. அந்த நேரத்தில் கண்விழித்து இருப்பவர்களுக்கு முன்னால் திரை கறுத்துப்போனால் அதை வெறும் மென்பொருள் வழு என்று சொல்லிக் கடந்துவிட முடியாது.

இங்கே ஆராயப்படும் செயலி ஒரு சிறு குழு எழுதியது. அன்ரொயிட் போனில் ஓடுவது, ஸ்ருடியோக்காரர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கப்படுவது. குழுவின் பெயரோ செயலியின் பெயரோ இந்த ஆய்வுக்குத் தேவையில்லை. குறைகள் கூடிப்போனபோது பார்த்துச் சொல்லும்படி செயலியின் நிரல், அதாவது கோட், எங்களிடம் வந்தது.

முறைப்பாட்டை முதலில் சொன்னவர் ஒரு ஸ்ருடியோவில் வேலை செய்யும் இளைஞர். "அண்ணை, கோல் எடுத்தது ஒரு குற்றமே? முதலாளி எங்க நிக்கிறாய் எண்டு கேட்டவர். அரை நிமிசம் கதைச்சிட்டு வாறன், படம் கறுப்பாக் கிடக்கு. அங்கால இருந்து, தம்பி தெரியேல்லை, தெரியேல்லை எண்டு கத்துகினம். வாய்க்கரிசி போடுற நேரம்." செயலியை மூடித் திரும்பத் திறந்துதான் படத்தை எடுத்திருக்கிறார். அதற்குள் வாய்க்கரிசி முடிந்துவிட்டது.

அவரிடம் இன்னொரு முறைப்பாடும் இருந்தது. வெளிநாட்டில் இருப்பவரின் சின்னப் படத்தைப் பெரிதாக்கலாம் என்று அதைத் தொட்டால் அழைப்பே அறுந்துபோகிறதாம். "உதைத் தொடப் பயமாக் கிடக்கு" என்றார்.

செயலியின் திரை

திரை முழுவதும் பெரிய படம்: முற்றத்தில் ஸ்ராண்டில் நிற்கும் போனின் கமரா பார்ப்பது. வலது மேல் மூலையில் சின்னப் படம்: வெளிநாட்டில் இருந்து இணைந்திருப்பவரின் முகம். வீட்டில் இருப்பவர்கள் அந்த முகத்தைப் பார்த்துத்தான் அழுது கதைக்கிறார்கள், ஆகவே அது அலங்காரத்துக்கு வைத்த பெட்டி இல்லை. இரண்டுக்கும் மேலே சாதாரண வியூக்களால், அதாவது பட்டன், எழுத்து போன்ற திரைத் துண்டுகளால், ஆன ஒரு தட்டு: நிறுத்து பட்டன், ஒலியை அடைக்கும் பட்டன், கீழே ஒரு பட்டி. பட்டியில் இறந்தவரின் படமும், "புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும் கோண்டாவிலை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கும் அந்த வழமையான வரியும்.

பெரிய படமும் சின்னப் படமும் தனித்தனி சர்பேஸ் வியூக்கள். சர்பேஸ் என்றால் படம் வரையப்படும் கடதாசி என்று எடுத்துக்கொள்ளலாம். கமரா, பெரிய சர்பேஸுக்கும், வெளியே அனுப்ப வீடியோவைச் சுருக்கும் என்கோடரின் உள்ளீட்டு சர்பேஸுக்கும் ஒரே நேரத்தில் படம் கொடுக்கிறது. வெளியே இருந்து சுருங்கி வரும் வீடியோவை அன்ரொயிட்டின் மீடியா கோடெக் டிகோடர் பிரித்துச் சின்ன சர்பேஸில் எழுதுகிறது.

சர்பேஸ் வியூ மற்ற வியூக்களைப்போல வின்டோவுக்குள், அதாவது செயலியின் திரைப் பரப்புக்குள், வரையப்படுவதில்லை. அதற்கென்று தனியாக ஒரு சர்பேஸ் உண்டு. வழமையாக அது செயலியின் வின்டோவுக்குப் பின்னால் நிற்கும், வின்டோ தன்னில் அந்த அளவுக்கு ஓர் ஓட்டை விட்டுக்கொடுக்கும். கிடுகு வேலியில் பொட்டு விட்டுப் பின்வளவைப் பார்ப்பதுபோலத்தான். பின்வளவில் என்ன நடக்கிறது என்று வேலிக்குத் தெரியாது. எல்லாவற்றையும் அடுக்கிச் சேர்த்துக் கண்ணாடிக்கு அனுப்புவது சர்பேஸ்பிளிங்கர் என்ற தனிச் சேவை. பல போன்களில் வீடியோ சர்பேஸ் கிராபிக்ஸ் சிப்பைத் தொடாமலே திரை வன்பொருளின் ஓவர்லே என்ற நேர்வழியாகப் போய்விடும். பவர் பாங்கில் மணிக்கணக்காக முற்றத்து வெயிலில் நிற்கும் போனுக்கு இது பெரிய ஆறுதல்.

குழுவில் ஒருவர் எல்லாவற்றையும் ரெக்ஸ்சர் வியூவுக்கு மாற்றிவிடலாம் என்று சொல்லியிருந்தார். அது மற்ற வியூக்களைப்போல வின்டோவுக்குள்ளேயே இருக்கும், அடுக்குப் பிரச்சினை வராது. ஆனால் ஒவ்வொரு பிரேமும் கிராபிக்ஸ் சிப் வழியாகப் போகவேண்டும். சூடும் பற்றரிச் செலவும் கூடும். அடுக்கைச் சரியாகச் சொல்லிவிட்டால் தீரும் பிரச்சினைக்கு இந்த விலை தேவையில்லை என்பது எங்கள் முடிவு.

சின்னப் படம் நின்ற இடம்

அன்ரொயிட் சர்பேஸ் வியூவுக்கு மூன்று உயரங்களைத் தருகிறது. ஒன்றும் சொல்லாவிட்டால் அது வின்டோவுக்குப் பின்னால் மிக அடியில் நிற்கும். உள்ளே அதற்கு இலக்கம் −2. 'செட்இசட்ஓர்டர்மீடியாஓவர்லே' என்று சொன்னால் ஒரு படி மேலே, −1. வின்டோவுக்கு இன்னும் பின்னால்தான், ஆனால் மற்ற வீடியோவுக்கு முன்னால். 'செட்இசட்ஓர்டர்ஒன்ரொப்' என்று சொன்னால் +1, அதாவது வின்டோவுக்கே மேலே. பட்டன், பட்டி, எழுத்து எல்லாம் அதன் அடியில் போய்விடும்.

முதற் பதிப்பில் இரண்டு சர்பேஸ் வியூவுக்கும் எதுவும் சொல்லப்படவில்லை. இரண்டும் −2இல். ஒரே உயரத்தில் ஒன்றன்மேல் ஒன்று படும் இரண்டு சர்பேஸில் எது மேலே வரும் என்பதற்கு அன்ரொயிட் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. திரையின் அமைப்பை எழுதும் லேயவுட் பைலில் பிறகு எழுதப்பட்டது மேலே வரும் என்ற வழமையான விதி வின்டோவுக்குள் இருக்கும் வியூக்களுக்குத்தான். ஆகவே குழுவினரின் மேசையில் இருந்த போனில் சின்னப் படம் தெரிந்தது, ஸ்ருடியோவின் போன்களில் சிலவற்றில் தெரியவில்லை. "உங்கட போன்தான் பிழை" என்று பதில் போயிருக்கிறது. போனில் ஒரு பிழையும் இல்லை.

அடுத்த பதிப்பில் மீடியாஓவர்லே சேர்க்கப்பட்டது, ஆனால் சேர்த்த இடம் பிழைத்தது. வெளிநாட்டுக்காரர் இணைந்தார் என்ற செய்தி சேவரில் இருந்து வந்த பிறகு, "இப்போதுதானே சின்னப் படம் தேவை" என்று அந்த இடத்தில் அழைத்திருந்தார்கள். சர்பேஸ் வியூ இருக்கும் வின்டோ, வின்டோக்களை நிர்வகிக்கும் வின்டோ மனேஜருடன் இணைவதற்கு முன்பே இது சொல்லப்படவேண்டும் என்று ஆவணத்தில் தெளிவாக இருக்கிறது. சேவரின் செய்தி வரும்போது வின்டோ இணைந்து எவ்வளவோ நேரம். சில போனில் அது எடுபடவே இல்லை. சில போனில் வட்ஸ்அப்புக்குப் போய்த் திரும்பி வந்தால் திடீரென்று எடுபட்டது. இந்த இரண்டாவது வகைதான் ஆளைக் குழப்பும், ஏனென்றால் சோதிக்கும்போது "வருகுதுதானே" என்று தோன்றிவிடும்.

அதன் பிறகு யாரோ ஒன்ரொப்பைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். உடனே சின்னப் படம் வந்துவிட்டது. காரணம் இருக்கிறது: அன்ரொயிட் 11இல் இருந்து, அதற்கென்றோ அதற்குப் பிந்திய பதிப்புக்கென்றோ இலக்கு வைத்த செயலிகளில் ஒன்ரொப்பை ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். ஒன்று பிந்தினால் கேட்காது, மற்றது பிந்தினாலும் கேட்கும். கேட்டதைக் கண்டு அதையே வைத்துக்கொண்டார்கள்.

அழைப்பு அறுந்த கதை இங்கேதான் தொடங்குகிறது. நிறுத்து பட்டனும் வலது மேல் மூலையில். சின்னப் படம் வின்டோவுக்கு மேலே ஏறியதும் பட்டனை மூடிவிட்டது. ஆனால் மூடியது கண்ணுக்கு மட்டும். விரல் படும் இடத்தை முடிவு செய்வது சர்பேஸ்பிளிங்கரின் அடுக்கு இல்லை. தொடுகை வின்டோவுக்கு வந்து, அதற்குள் இருக்கும் வியூக்களின் வரிசைப்படி போகும். அந்த வரிசையில் பட்டன்தான் மேலே. ஆகவே இளைஞர் தொட்டது தெரியும் முகத்தை, அமர்ந்தது தெரியாத சிவப்புப் பட்டன். ஒரு தாய் மகனின் முகத்தைப் பெரிதாகக் காட்டும்படி கேட்டபோது இது நடந்திருக்கிறது.

கணினியில் இருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் ஏடிபி வழியாக டம்ப்சிஸ் சர்பேஸ்பிளிங்கர் கட்டளையை ஓடவிட்டால் அந்த நேரத்தில் எந்த லேயர் எதன்மேல் நிற்கிறது, எது வன்பொருள் ஓவர்லேயில் போகிறது, எது கிராபிக்ஸ் சிப்பில் சேர்க்கப்படுகிறது என்று வரிசையாக வரும். பட்டியலில் செயலியின் வின்டோவுக்கு மேலே சின்ன சர்பேஸ் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு மேற்கொண்டு விவாதம் நடக்கவில்லை.

திருத்தம் சின்னது. ஒன்ரொப் முழுதாக நீக்கப்பட்டது. மீடியாஓவர்லே, திரை உருவாகும் 'ஒன்கிரியேற்'றிலேயே, வெளிநாட்டில் இருந்து ஆள் வந்தாலும் வராவிட்டாலும் சொல்லப்படுகிறது. பெரிய படம் −2, சின்னப் படம் −1, பட்டனும் பட்டியும் அதற்கு மேலே வின்டோவில்.

கறுப்புத் திரை

இனி வாய்க்கரிசி நேரத்துக் கறுப்பு. இதற்கு அடியில் ஒரே ஒரு தவறான எண்ணம்தான் இருந்தது: திரையின் ஆயுளும் சர்பேஸின் ஆயுளும் ஒன்று என்ற எண்ணம்.

திரைக்கு, அதாவது அக்ரிவிற்றிக்கு, 'ஒன்ஸ்ரார்ட்', 'ஒன்ரெசூம்', 'ஒன்போஸ்', 'ஒன்ஸ்ரொப்' என்று கோல்பாக்குகள், அதாவது ஒன்று நடந்ததும் அன்ரொயிட் தானாக அழைக்கும் செயற்பாடுகள்: முறையே திரை தெரியத் தொடங்கும்போது, முன்னால் வரும்போது, முன்னிலையை இழக்கும்போது, மறையும்போது. சர்பேஸுக்கு வேறு மூன்று: 'சர்பேஸ்கிரியேற்றட்', 'சர்பேஸ்சேஞ்ச்ட்', 'சர்பேஸ்டிஸ்ரோய்ட்', முறையே அது பிறக்கும்போது, மாறும்போது, அழியும்போது. முதல் முறை செயலியைத் திறக்கும்போது ஒன்ரெசூம் முடிந்த பிறகுதான் சர்பேஸ் பிறக்கிறது. அதாவது "திரை தயார்" என்று செயலி நினைக்கும் கணத்தில் படம் வரையக் கடதாசி இன்னும் வரவில்லை. வந்ததும் ஒரு தடவையாவது சர்பேஸ்சேஞ்ச்ட் வந்து அளவைச் சொல்லும்.

குழுவின் கோட் ஒன்ரெசூமில் கமராவைத் திறந்தது. சர்பேஸ் இல்லை என்று விழுந்ததும், யாரோ அரைச் செக்கன் தாமதம் ஒன்றைச் செருகியிருக்கிறார்கள். இப்படியான தாமதத்தைக் கோட்டில் எங்கே கண்டாலும் அதன் அடியில் ஒரு கோல்பாக் புதைந்து கிடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வேகமான போனில் அரைச் செக்கன் தாராளம். மலிவான போனில், வெயிலில், வேறு நாலு செயலி திறந்திருக்கும்போது போதாது.

தாமதத்தைவிடக் கெட்டது அடுத்த வரி. முதல் முறை கிடைத்த சர்பேஸை ஒரு மாறியில் போட்டு வைத்து, பிறகும் அதையே பயன்படுத்தினார்கள். கோல் வந்தபோது நடந்ததைச் செயலியின் பதிவேடான லொக் இப்படிக் காட்டியது:

ஒன்போஸ்
சர்பேஸ்டிஸ்ரோய்ட், பெரியது
சர்பேஸ்டிஸ்ரோய்ட், சின்னது
ஒன்ஸ்ரொப்
ஒன்ஸ்ரார்ட்
ஒன்ரெசூம்
கமரா திறப்பு: சர்பேஸ் கைவிடப்பட்டது
சர்பேஸ்கிரியேற்றட், பெரியது
சர்பேஸ்கிரியேற்றட், சின்னது

ஏழாவது வரியைப் பாருங்கள். கமரா பழைய சர்பேஸைக் கேட்கிறது. அது செத்துவிட்டது, புதியது இன்னும் பிறக்கவில்லை. அன்ரொயிட் பிழையை எறிகிறது. அந்தப் பிழையைப் பிடிக்கும் இடத்தில் கோட் ஒன்றும் செய்யாமல் விழுங்கிவிட்டது, செயலி விழவில்லை என்ற திருப்தியோடு. அடுத்த இரண்டு வரியில் புதிய சர்பேஸ்கள் வந்து காத்திருக்கின்றன, அவற்றைக் கேட்பார் இல்லை. திரை கறுப்பு.

கோல் மணி அடிக்கும்போதே இது நடக்காது என்பதையும் சொல்லவேண்டும். போன் பாவனையில் இருக்கும்போது இப்போதைய அன்ரொயிட்டில் கோல் மேலே ஓர் அறிவிப்பாகத்தான் வரும், திரை அப்படியே இருக்கும். எடுத்துக் கதைக்கும் திரை முழுதாக வந்தால்தான் நம் சர்பேஸ் போகும். அறிவிப்புத் தட்டை இழுத்துப் பார்த்தாலும் ஒன்போஸ் வராது. அனுமதி கேட்கும் பெட்டி வந்தால் ஒன்போஸ் வரும், ஆனால் பின்னால் திரை தெரிவதால் சர்பேஸ் உயிரோடு இருக்கும். குழுவினர் சோதித்தது அறிவிப்புத் தட்டை இழுத்து விட்டுத்தான். ஆகவே அவர்கள் மேசையில் எல்லாம் ஓடியது.

பவர் பட்டன்

கறுப்பைத் தீர்க்கக் குழு செய்த முதல் மாற்றம் நியாயமானதுபோலத் தோன்றும்: கமராவைத் திறக்கும் வேலையை முழுதாக சர்பேஸ்கிரியேற்றட்டுக்கு மாற்றினார்கள். மூடும் வேலை பழையபடி ஒன்போஸில் இருந்தது. கோல் எடுத்துத் திரும்பினால் படம் வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

பிறகு ஒரு கோயில் திருவிழாவில் போனைப் பொறுப்பாக வைத்திருந்தவர், சனத்தின் கை படாமல் இருக்கட்டும் என்று பவர் பட்டனை அழுத்தித் திரையை அணைத்தார். திரும்ப அழுத்தினால் கறுப்பு. இந்த முறை செயலியை விட்டுப் போய் வந்தால் படம் வந்தது, பவர் பட்டனால் மட்டும் வரவில்லை.

பவர் பட்டனால் திரையை அணைத்தால் ஒன்போஸ் மட்டும் வந்து சர்பேஸ்டிஸ்ரோய்ட் வராமலே போகலாம் என்று அன்ரொயிட் தளத்தின் ஆவணமே சொல்கிறது. சர்பேஸ் உயிரோடுதான் இருக்கிறது. உயிரோடு இருக்கும் ஒன்று திரும்பப் பிறக்காது, ஆகவே சர்பேஸ்கிரியேற்றட்டும் வராது. கமராவை மூடிய கை ஒன்று, திறக்கவேண்டிய கை இன்னொன்று. மூடிய கைக்குச் செய்தி போனது, திறக்கும் கைக்குப் போகவில்லை. பூட்டுத் திரையின் அமைப்பு, அன்ரொயிட் பதிப்பு என்பவற்றைப் பொறுத்து இது மாறும். அவரிடம் இருந்த அன்ரொயிட் 8 போனில் சர்பேஸ் தப்பிப் பிழைத்தது, குழுவின் புதிய போனில் அழிந்து பிறந்தது. இந்த இரண்டில் எது "சரி" என்று தேடுவதில் பயன் இல்லை. இரண்டுக்கும் கோட் தாங்கவேண்டும்.

படம் கறுக்கும் மூன்றாவது வழி எவரும் நினைக்காதது. இணைய வேகம் குறைந்தால் சின்னப் படத்தை மறைத்துவிட்டு, "இணைப்பு வலுவில்லை" என்று எழுத்துக் காட்டும் வசதி ஒன்று இருந்தது. மறைக்க, வியூவை 'கோன்', அதாவது இல்லாதது, ஆக்கினார்கள். சர்பேஸ் வியூவை அப்படி மறைத்தால் அதன் சர்பேஸ் அழிகிறது. திரை அசையவே இல்லை, ஒன்போஸ் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் டிகோடர் எழுதிக்கொண்டிருந்த இடம் காலுக்கடியில் இருந்து போய்விட்டது. லொக்கில் "பபர்க்யூ கைவிடப்பட்டது" என்ற வரி, அதாவது படம் போட இடம் இல்லை என்ற வரி, மழையாகக் கொட்டியது. ஊரில் மழைக்குச் சிக்னல் ஏறி இறங்கும் நாட்களில் இது நாலைந்து தடவை நடக்கும்.

அன்ரொயிட் 14இல் சர்பேஸின் ஆயுள் கண்ணுக்குத் தெரிவதைப் பின்தொடரவேண்டுமா, வியூ இணைந்திருப்பதைப் பின்தொடரவேண்டுமா என்று சொல்ல 'செட்சர்பேஸ்லைவ்சைக்கிள்' என்று ஒன்று வந்திருக்கிறது. நல்ல விசயம்தான், ஆனால் ஸ்ருடியோக்காரரின் கையில் இருப்பவை பெரும்பாலும் பழைய போன்கள். ஆகவே எளிய வழி: சின்ன சர்பேஸ் வியூவை மறைப்பதே இல்லை. அதற்கு மேலே வின்டோவில் ஒரு சாதாரண கறுப்பு வியூவும் எழுத்தும் வந்து மூடும். அடுக்கு முன்பே சரிசெய்யப்பட்டதால் இது முடிந்தது. ஒன்ரொப் இருந்திருந்தால் மூட வந்த வியூ படத்துக்கு அடியில் போயிருக்கும்.

இரண்டும் இருந்தால் தொடங்கு

கடைசியில் கோட் இப்படி நின்றது. இரண்டு கொடிகள்: திரை முன்னால் இருக்கிறதா, சர்பேஸ் உயிரோடு இருக்கிறதா. முதலாவதை ஒன்ஸ்ரார்ட் ஏற்றும், ஒன்ஸ்ரொப் இறக்கும். இரண்டாவதை சர்பேஸ்சேஞ்ச்ட் ஏற்றும், சர்பேஸ்டிஸ்ரோய்ட் இறக்கும். நான்கு இடத்தில் இருந்தும் ஒரே செயற்பாடு அழைக்கப்படும். அது இரண்டு கொடியும் ஏறியிருந்தால், போன் திரையில் தெரியும் கமராப் படமான முன்னோட்டம் ஏற்கெனவே ஓடாவிட்டால், தொடங்கும். ஏதாவது ஒன்று இறங்கியிருந்தால் நிறுத்தும். எது முந்தி வந்தது என்று அது கேட்பதில்லை. சர்பேஸ்டிஸ்ரோய்ட் ஒன்ஸ்ரொப்புக்கு முன்னா பின்னா என்று எங்கேயும் எண்ணத் தேவையில்லாமல் போனது இதனால்தான். சர்பேஸை மாறியில் வைப்பதும் ஒழிந்தது. தேவைப்படும்போது சர்பேஸை வைத்திருக்கும் ஹோல்டரிடம் கேட்டு எடுக்கிறார்கள். தாமதமும் போய்விட்டது.

ஒன்போஸை விட்டு ஒன்ஸ்ரொப்புக்கு ஏன் போனார்கள் என்றால், அன்ரொயிட் 7இல் வந்த பிளவுத் திரைக்குப் பிறகு, திரை கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும்போதே ஒன்போஸ் வரலாம். பக்கத்தில் வட்ஸ்அப்பைத் திறந்து உறவினருக்கு இணைப்பை அனுப்பும்போது கமரா மூடப்பட்டால் அது எவருக்கும் உதவாது. அன்ரொயிட் 6இல் மட்டும் பழைய வழி, ஒன்ரெசூமும் ஒன்போஸும்.

சர்பேஸ்டிஸ்ரோய்ட்டில் ஒரு கண்டிப்பு உண்டு. அந்தக் கோல்பாக் முடிந்து திரும்பிய பிறகு அந்த சர்பேஸை எவரும் தொடக்கூடாது. டிகோடர் வேறு திரெட்டில், அதாவது இணையாக ஓடும் வேறு வேலைத்தொடரில், ஓடுகிறது என்பதால் "நிறுத்து" என்று செய்தி அனுப்பிவிட்டுத் திரும்புவது போதாது. அது நின்றுவிட்டது என்று தெரியும்வரை காத்திருக்கவேண்டும். முன்பு காத்திருக்கவில்லை, அதனால்தான் பத்துக்கு ஒன்று இரண்டு என்று காரணம் தெரியாத வீழ்ச்சிகள். ஆனால் காத்திருப்பது பிரதான திரெட்டில், அது நீளமாகக் காத்துநின்றால் திரையே உறைந்துவிடும். ஆகவே அங்கே டிகோடரை முழுதாக இடித்துக் கட்டக் கூடாது. அன்ரொயிட் 6இல் இருந்து டிகோடரின் வெளியீட்டை ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறு சர்பேஸுக்குத் திருப்பலாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு தற்காலிக சர்பேஸை முன்கூட்டியே செய்து வைத்து, சின்ன சர்பேஸ் அழியும்போது டிகோடரை அதற்குத் திருப்பி, புதியது பிறந்ததும் மீண்டும் திருப்புகிறார்கள்.

இதன் இலாபம் கண்முன்னால் தெரியும். டிகோடரை நிறுத்தித் திரும்பத் தொடங்கினால், அடுத்த கீ பிரேம், அதாவது முழுப் படமாக வரும் பிரேம், வரும்வரை அதால் எதையும் வரைய முடியாது. அங்காலே இருக்கும் என்கோடர் கீ பிரேமுக்கு நீண்ட இடைவெளி வைத்திருந்தால், அத்தனை செக்கனும் கறுப்பு. திருப்பிவிடும் முறையில் டிகோடர் நிற்பதே இல்லை, ஆகவே புதிய சர்பேஸ் கிடைத்ததும் அடுத்த பிரேமே தெரியும். எப்படியோ டிகோடர் விழுந்து திரும்பத் தொடங்கவேண்டி வந்தால், அங்காலே உள்ள செயலிக்கு ஒரு செய்தி போகும். அது தன் என்கோடரிடம் உடனே ஒரு கீ பிரேம் கேட்டு அனுப்பும். கேட்டால் கொடுக்கும் வசதி மீடியா கோடெக்கில் அன்ரொயிட் 4.4இல் இருந்தே இருக்கிறது. பலர் தொடுவதில்லை.

பெரிய படத்தில் ஒரு முடிவு எடுக்கவேண்டியிருந்தது. முன்னோட்ட சர்பேஸ் அழிந்தாலும் என்கோடரின் உள்ளீட்டு சர்பேஸ் அழிவதில்லை, அது திரையோடு சம்பந்தப்பட்டதே இல்லை. அப்படியானால் இளைஞர் கோல் எடுக்கும்போது வெளிநாட்டில் பார்ப்பவர்களுக்கு ஏன் படம் நிற்கவேண்டும்? ஸ்ராண்டில் நிற்கும் போன் பார்ப்பதை அது தொடர்ந்து அனுப்பலாம்தானே. கமராவின் அமர்வை என்கோடர் சர்பேஸை மட்டும் வைத்துத் திரும்ப அமைத்தால் முடிகிறது; மாறும்போது ஒரு சின்னத் தடக்கல் மட்டும். ஆனால் அன்ரொயிட் 9இல் இருந்து பின்னணிக்குப் போன செயலி கமராவைத் தொட விடமாட்டார்கள். அதற்கு, அறிவிப்புக் காட்டிக்கொண்டே ஓடும் போர்கிரவுண்ட் சேர்விஸ் வேண்டும், அன்ரொயிட் 11இல் இருந்து அதற்குக் கமரா வகை என்றும் மைக் வகை என்றும் குறிக்கவேண்டும், செயலி முன்னால் இருக்கும்போதே தொடங்கியிருக்கவேண்டும். அறிவிப்பில் "நேரலை போகிறது" என்று நிற்கும். இது நல்லது. கமரா ஓடுவது தெரியாமல் ஒருவர் போனைச் சட்டைப்பையில் போடுவதை இவர்களும் விரும்பவில்லை. கோல் கதைக்கும் நேரம் மைக் கோலுக்குப் போய்விடும், படம் மட்டும் ஒலியில்லாமல் போகும். குழு இதை ஏற்றுக்கொண்டது. ஸ்ருடியோ முதலாளி கேட்ட கேள்வி வேறு: "அப்ப நான் எடுத்தால் அவன் கதைக்கலாம்தானே?" கதைக்கலாம்.

சோதித்த விதம்

நிகழ்ச்சியில் நடப்பதை மேசையில் நடத்தினோம். டெவலப்பர் தெரிவுகளில் 'செயற்பாடுகளை வைத்திருக்க வேண்டாம்' என்ற ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால், விட்டுப் போகும் ஒவ்வொரு திரையும் உடனே அழிக்கப்படும். நினைவகம் குறைந்த போனில் நாள் முழுக்க நடப்பதை அது ஒரு நிமிடத்தில் காட்டிவிடும். இன்னொன்று 'வன்பொருள் ஓவர்லேயை முடக்கு'. அதைப் போட்டதும் படம் சரியாகிறது என்றால் குறை ஓவர்லே பக்கம் என்று ஊகிக்கலாம். இந்தச் செயலியில் எதுவும் மாறவில்லை, ஆகவே அந்தச் சந்தேகம் தள்ளப்பட்டது. கோல் எடுத்தல், பவர் பட்டன், பூட்டுத் திரை, பிளவுத் திரை, திரையைச் சுழற்றுதல், சின்னப் படத்தை மூடித் திறத்தல் என்று ஒவ்வொன்றும் பழைய போனிலும் புதிய போனிலும். சுழற்றும்போது திரை முழுதாக இடிந்து எழும்புவதைச் செயலியின் விவரப் பைலான மனிபெஸ்ற்றில் தடுக்கலாம், ஆனால் 'ஓரியன்ரேசன்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகக் கூடாது. 'ஸ்கிரீன்சைஸ்' சேர்க்காவிட்டால் அன்ரொயிட் கேட்காது. இவர்களுடைய கோட்டில் அது ஏற்கெனவே சரியாக இருந்தது.

பிழையை விழுங்கிய இடம் திருத்தப்பட்டது. இப்போது கமரா திறக்காவிட்டால் கீழ்ப் பட்டியில் சிவப்பில் எழுத்து வரும். இளைஞர் இதைத்தான் அதிகம் விரும்பினார். "கறுப்பாக் கிடந்தால் என்னெண்டு எனக்கு விளங்காது. எழுதிக் காட்டினால் அங்கால சொல்லலாம், ஒரு நிமிசம் பொறுங்கோ எண்டு."

மிச்சம் இருந்தது

சின்னப் படத்தை விரலால் இழுத்து வேறு மூலைக்கு நகர்த்தும் வசதியில் ஒரு குறை தீரவில்லை. அன்ரொயிட் 7இல் இருந்து சர்பேஸின் இடம் மற்ற வியூக்களோடு ஒரே கணத்தில் நகரும். அதற்கு முந்திய பதிப்பில் சர்பேஸ் பின்னால் இழுபட்டு வரும். வின்டோவின் ஓட்டை முன்னே போய்விடும், இடைவெளியில் கறுப்பு விளிம்பு தெரியும். அன்ரொயிட் 6 போன் வைத்திருப்பவர்கள் ஸ்ருடியோக்களில் இன்னும் ஓரிருவர் இருக்கிறார்கள். அவர்களுக்காக ரெக்ஸ்சர் வியூவில் இன்னொரு பாதை எழுதலாமா என்று குழு யோசித்து, வேண்டாம் என்று விட்டது. அந்தப் போன்களில் மட்டும் இழுக்கும் வசதி நிறுத்தப்பட்டு, மூலையைத் தட்டினால் சின்னப் படம் அடுத்த மூலைக்குத் தாவுகிறது. நிறுத்து பட்டன் இப்போது கீழே, இடது பக்கம்.